பழகிடும்னு விட்டுடாதே!

"சாயங்காலம் ஆறு மணியானா கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குக்கா. பழகிடும்னு கடையில சொன்னாங்க." போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இது. லென்ஸ் போட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதுதான் வாயைத் திறக்கிறாய்! செருப்பு கடித்தால் எட்டு நாள் போட்டுக்கொண்டு நடப்பாயா? கண்ணுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு பொறுமை?

கோபமில்லை. அதே வார்த்தையை நம்பி நானும் ஏழு மாதம் ஏமாந்தவள்தான். என் நிச்சயதார்த்தம் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பெண். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6.50, வலது கண்ணில் கூடவே மைனஸ் 1.25 சிலிண்டர். பள்ளிக்கூடத்திலிருந்தே சோடாபுட்டி. போட்டோவில் கண்ணாடி மின்னும் என்று அம்மா சொல்லவே, நான்கு நாள் முன்னால் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் சீட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து 6.50 என்று அச்சடித்த இரண்டு பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். சிலிண்டர் என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட எனக்குத் தெரியாது. அப்புறம் தினமும் தலைவலி. வலது கண்ணில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிழல். திரும்பப் போய்ச் சொன்னதற்கு, "பழகிடும்மா" என்று சிரித்தார்.

ஏழு மாதம் கழித்து ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் ஒருவர் பார்த்தார். பத்தே நிமிடம், மூன்று தப்புகளைச் சொன்னார். அந்த மூன்றையும் உனக்குச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் தப்பு, பவர். கண்ணாடி நம் கண்ணுக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. லென்ஸ் கண் மேலேயே உட்காருகிறது. மைனஸ் பவர் கண்ணை நெருங்க நெருங்க அதன் வேகம் கூடும். ஆகவே கண்ணாடியில் மைனஸ் 6.50 என்றால் லென்ஸில் சுமார் 6.00 போதும். மைனஸ் 8.00 என்றால் சுமார் 7.25. நான்குக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாக வராது. அதற்கு மேலே போனால் கணக்குப் போட்டே ஆகவேண்டும். பிளஸ் பவர்காரர்களுக்கு நேர்மாறு, லென்ஸில் எண் கொஞ்சம் ஏறும். ஏழு மாதமும் என் கண் தேவைக்கு மேலே அரை பவர் சுமந்திருக்கிறது, தலை வலிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது, சிலிண்டர். கருவிழி கிரிக்கெட் பந்து மாதிரி உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கி முட்டை மாதிரி இருந்தால் வருவது அது. சீட்டில் சிலிண்டர் 0.50 என்று இருந்தால் பெரும்பாலும் சாதாரண லென்ஸிலேயே சமாளித்துவிடுவார்கள். 0.75, அதற்கு மேல் என்றால் 'டோரிக் லென்ஸ்' வேண்டும் என்று நீயே வாய்விட்டுக் கேள். அது கொஞ்சம் விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கையிருப்பும் இருக்காது. சாதா லென்ஸைத் தலையில் கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். டோரிக் லென்ஸ் கண்ணுக்குள் சுற்றிவிடக் கூடாது என்பதற்காக அதன் அடிப்பக்கம் கனமாகச் செய்திருப்பார்கள். சிமிட்டச் சிமிட்டப் பார்வை தெளிவதும் மங்குவதுமாக இருந்தால் லென்ஸ் சுழல்கிறது என்று அர்த்தம். அப்போது வேறு வடிவமைப்புக்கு மாற்றச் சொல்ல வேண்டும். சோபாவில் ஒருக்களித்துப் படுத்து டிவி பார்க்கும்போது லேசாக மங்கினால் மட்டும் கவலைப்படாதே, அது அப்படித்தான்.

மூன்றாவதுதான் யாரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாதது. லென்ஸ் எனக்கு இறுக்கமாக இருந்தது. இறுக்கமான லென்ஸின் தந்திரம் என்ன தெரியுமா? போட்ட முதல் ஒரு மணி நேரம் அதுதான் ரொம்பச் சுகமாக இருக்கும்! அது அசைவதே இல்லை, அதனால் உறுத்தாது. சாயங்காலம்தான் குணத்தைக் காட்டும். கண் சிவக்கும், கழற்றினால் வெள்ளைவிழியில் வளையம் பதிந்திருக்கும், பிய்த்து எடுக்கிற மாதிரி இருக்கும். நல்ல லென்ஸ் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் துளியூண்டு நகரவேண்டும். அந்த நகர்வில்தான் அடியில் இருக்கும் பழைய கண்ணீர் போய்ப் புதுக் கண்ணீர் வருகிறது. தளர்வான லென்ஸோ முதல் நிமிடத்திலேயே ஓரம் இடிக்கும். ஆகவே கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று வாங்கிவருவது சேலையை மேலே போர்த்திப் பார்த்து வாங்குகிற மாதிரி. கட்டி நடந்தால்தானே தெரியும்?

உனக்கு வருவது இந்த மூன்றாவது தப்போ என்று எனக்குச் சந்தேகம். இல்லையென்றால் ஏசி. அதற்கு வருகிறேன்.

சோதனை என்றால் இதெல்லாம்

கண்ணாடிக்கு எடுக்கிற டெஸ்ட் வேறு, லென்ஸுக்கு எடுக்கிற டெஸ்ட் வேறு. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி பவர் எடுப்பதோடு நிற்கக் கூடாது. கருவிழியின் வளைவை மெஷினில் அளக்க வேண்டும். அதன் அகலத்தைப் பார்க்க வேண்டும். மேல் இமையைப் புரட்டி உள்ளே சிறு சிறு கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், அலர்ஜிக்காரர்களுக்கு அது இருக்கும். கண்ணீர் எவ்வளவு நேரம் காயாமல் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். பிறகு ட்ரையல் லென்ஸ் போட்டு, குறைந்தது இருபது நிமிடமாவது உட்காரவைத்து, விளக்கு வைத்த மைக்ராஸ்கோப்பில் லென்ஸ் நகர்வதைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்லவும் வேண்டும், அதுவும் சாயங்காலமாக, லென்ஸோடு. காலையில் போட்டுக்கொண்டு நேராகப் போய் நின்றால் எந்த லென்ஸும் நல்ல பெயர் வாங்கும்.

பெட்டியில் பவர் தவிர இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். பேஸ் கர்வ் என்கிற உள்வளைவு, பொதுவாக 8.4-லிருந்து 8.8-க்குள். டயாமீட்டர், 14 மில்லிமீட்டரை ஒட்டி. இந்த எண்களை போட்டோ எடுத்து வைத்துக்கொள். பவர் ஒன்றுதானே என்று ஆஃபரில் வேறு கம்பெனி லென்ஸை ஆன்லைனில் தட்டாதே. ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி லென்ஸ்கூட கண்ணில் ஒரே மாதிரி உட்காராது. பொருள் வேறு, ஓரத்தின் வெட்டு வேறு.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டியவை: சளிக்கு மாத்திரை போடுகிறாயா, முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா, கருத்தடை மாத்திரை, சர்க்கரை, தைராய்டு. இவற்றில் பல கண்ணை வறளவைக்கும். கர்ப்ப காலத்தில் கண்ணீரும் கருவிழியும் மாறும். எனக்குப் பெரிய மகனைச் சுமந்தபோது ஆறு மாதத்துக்கு லென்ஸே ஒத்துவரவில்லை, பேசாமல் சோடாபுட்டிக்குத் திரும்பினேன். பொடுகு இருந்தால் அதையும் சொல். தலைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். பொடுகுக்காரர்களுக்கு இமை ஓரத்திலும் செதில் கட்டும். அங்கே இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரிவராத ஒருத்திக்கு, பொடுகு ஷாம்பூவும் இமைக்கு வெந்நீர்த் துணி ஒத்தடமுமே தீர்வாக அமைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உன் ஆபீஸும் உன் லென்ஸும்

ஓ.எம்.ஆரில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒன்பது மணி நேரம் இரண்டு மானிட்டர் பார்க்கிறாய். போகவர ஸ்கூட்டி. இப்படி ஒரு நாளுக்கு எந்த லென்ஸ் என்று யோசிக்காமல், 'எது நல்ல பிராண்டு' என்று கேட்பதில் பிரயோஜனமில்லை.

கருவிழியில் ரத்தக்குழாயே கிடையாது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் அப்படி. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் வருகிறது. அதன் மேல் ஒரு மூடியைப் போடுகிறோம் என்பதை மறக்காதே. இந்த மெத்தென்ற லென்ஸைக் கண்டுபிடித்தவர் ஓட்டோ விக்டர்லே என்கிற செக் நாட்டு வேதியியல் அறிஞர். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிராக் நகரத்தில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில், குழந்தைகள் விளையாடும் மெர்க்குர் என்கிற இரும்புக் கோர்ப்புச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து, சுழற்றிச் சுழற்றி முதல் லென்ஸ்களை வார்த்தார். நம் வீட்டில் யாராவது அப்படிச் செய்திருந்தால் அம்மா மேஜையைத் துடைக்கச் சொல்லித் துரத்தியிருப்பாள். அவர் செய்த வகையில் ஆக்சிஜன் லென்ஸில் இருக்கிற தண்ணீர் வழியாகத்தான் போகும். தண்ணீர் சதவீதம் கூடினால் ஆக்சிஜன் கூடும். ஆனால் ஏசி அறையில் அந்தத் தண்ணீர் ஆவியாகும், லென்ஸ் காய்ந்த பஞ்சு மாதிரி உன் கண்ணீரை உறிஞ்சும். பெட்டியில் 55, 58 என்று போட்டிருந்தால் நிறைய ஈரம் என்று நானும் ஆசைப்பட்டிருக்கிறேன். மதியத்துக்கு மேல் அந்த ஈரம் நம் கண்ணிலிருந்துதான் போகிறது!

1999 வாக்கில் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வந்தது. இதில் ஆக்சிஜன் சிலிக்கோன் வழியாகவே போய்விடும், தண்ணீரை நம்பியிருக்க வேண்டாம். உன்னை மாதிரி நீண்ட நேரம் போடுகிறவர்களுக்கு, பவர் அதிகமாகி லென்ஸ் ஓரம் தடிமனாக இருப்பவர்களுக்கு, நான் கைகாட்டுவது இதைத்தான். ஆனாலும் சிலருக்கு இது கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், கண்ணின் கொழுப்பும் மையும் இதில் சீக்கிரம் ஒட்டும். நீ இப்போது எதைப் போடுகிறாய் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்.

எந்த லென்ஸானாலும் திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்ட மறந்துவிடுகிறோம். நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போலச் சிமிட்டுகிற கண் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதிலும் பாதி அரைச் சிமிட்டல். மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கு. பார்வை தாழ்ந்தால் கண் அவ்வளவு அகலமாகத் திறந்திருக்காது, ஈரமும் நிற்கும். ஏசி காற்று முகத்தில் அடிக்காத இடத்துக்கு மாறு. லென்ஸ் மேலேயே விடலாம் என்று எழுதியிருக்கிற ஈரப்பதச் சொட்டை மட்டும் வாங்கு. சிவப்பு போவதற்கென்று விற்கிற சொட்டு வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் 'கண்ணுக்கு ஏதாவது குடுங்க' என்று கேட்பதும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கிருமி இருக்கும் கண்ணை அது கெடுத்தே விடும். ஸ்கூட்டியில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு.

டெய்லியா, மன்த்லியா? விலையை மட்டும் பார்த்து மன்த்லி வாங்கினாய் என்று தெரியும். கணக்கை இப்படிப் போடு. மன்த்லி என்றால் திறந்த நாளிலிருந்து ஒரு மாதம். முப்பது தடவை போடலாம் என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள்தான் போடுகிறேன், அதனால் மூன்று மாதம் வரும் என்பது நம் ஊரில் எல்லோரும் செய்கிற தப்புக் கணக்கு. வாரம் இரண்டு நாள் போடுகிறவளுக்கு மாதம் எட்டு ஜோடி டெய்லி. முப்பது லென்ஸ் பெட்டி ஒன்று ஒரு கண்ணுக்குக் கிட்டத்தட்ட நான்கு மாதம் வரும். சொல்யூஷன் செலவு இல்லை, டப்பா இல்லை, கழுவுகிற வேலையும் இல்லை. அலர்ஜிக்காரர்களுக்கும், ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கும், என்னை மாதிரி சோம்பேறிகளுக்கும் டெய்லிதான். தினமும் போடுகிற உனக்கு மன்த்லி செலவு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுவுகிற ஒழுக்கம் உனக்கு உண்டா? சாப்பிட்ட தட்டையே கழுவமாட்டாய்.

'பழகிடும்' என்ற சொல் நிஜமாகப் பொருந்துகிற ஒரே இடத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்று ஊடுருவும் கெட்டி லென்ஸ், சின்னது, 9 மில்லிமீட்டர் விட்டத்தில். இமை அதன் ஓரத்தில் இடித்துக்கொண்டே இருக்கும், இரண்டு வாரமாவது ஆகும் அமைதியாக. ஆனால் பார்வைக் கூர்மையில் அதை அடிக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் ஏறிக்கொண்டே போகிறவர்கள், எந்தக் கண்ணாடியிலும் தெளிவு கிடைக்காதவர்கள், கருவிழியைப் படம் எடுக்கும் டோபோகிராபி டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். கருவிழி மெலிந்து கூம்பாக நீட்டிக்கொள்ளும் கெரட்டோகோனஸாக இருக்கலாம். அவர்களுக்குக் கெட்டி லென்ஸோ, வெள்ளைவிழி மேல் உட்கார்ந்து கருவிழியைத் தொடாமல் நிற்கிற ஸ்க்ளீரல் லென்ஸோதான் பெரும்பாலும் வழி. இதில் ஒரு விஷயம்: கண்ணைக் கசக்குகிற பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. என் சின்ன மகன் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் நான் கத்துவது அதனால்தான்.

என் கதை இப்போது வேறு. நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தாகிவிட்டது. அதிலும் மைனஸ்காரர்கள் கண்ணாடியிலிருந்து லென்ஸுக்கு மாறினால் கிட்டத்தில் படிப்பது இன்னும் சிரமமாகத் தெரியும். அதனால் நாற்பதை ஒட்டி முதல்முறையாக லென்ஸ் போடுகிற தோழி யாராவது 'போன் எழுத்து தெரியலையே' என்றால் லென்ஸ் தப்பு என்று உடனே முடிவு கட்டாதே. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் போட்டுப் பார்த்தேன், மாடிப்படி இறங்கும்போது தடுமாற்றம். மல்டிஃபோக்கல் பரவாயில்லை, ராத்திரி வண்டி ஓட்டினால் எதிரே வரும் விளக்குக்கெல்லாம் ஒளிவட்டம். கடைசியில் தூரத்துக்கு லென்ஸ், படிக்க ஒரு சின்னக் கண்ணாடி கைப்பையில். நாகரிகமாக இல்லை, ஆனால் எனக்கு இதுதான் சுகம்.

சமையலறையும் குளியலறையும்

முதலில் மிளகாய். பச்சை மிளகாய் நறுக்கிய கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் காரம் விரலில் இருக்கும். அந்த விரலால் ஒருநாள் லென்ஸைக் கழற்றினேன். மறுநாள் வரை அழுதேன், லென்ஸிலும் காரம் ஏறிவிட்டதால் அதைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அன்று முதல் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது, அப்புறம்தான் அருவாமனை. (வெங்காயத்துக்கு மட்டும் லென்ஸ் நல்ல காவல். முன்பு லென்ஸோடு நறுக்கியபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை.)

எண்ணெய்க் குளியல் அன்று லென்ஸ் குளித்து முடித்த பிறகுதான், தீபாவளியானாலும் சரி. நீ ஷவரிலேயே லென்ஸோடு நிற்கிறாய் என்று அம்மா சொன்னாள். தண்ணீரும் லென்ஸும் சேரவே கூடாது. குழாய்த் தண்ணீர், போர்த் தண்ணீர், மொட்டைமாடித் தொட்டி, நீச்சல் குளம் எல்லாவற்றிலும் அகாந்தமீபா என்கிற ஓர் உயிரி வாழும். லென்ஸுக்கு அடியில் அது மாட்டினால் கருவிழியைத் தின்னும், வைத்தியம் மாதக்கணக்கில் போகும். கேன் தண்ணீரும் தண்ணீர்தான். எச்சில் தொட்டுப் போடுவதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை.

கை கழுவ சாதா சோப்பு, க்ரீம் கலந்தது வேண்டாம். ஈரக் கையோடு லென்ஸைத் தொடாதே, துடைக்கிற துணி நூல் உதிர்க்காததாக இருக்கட்டும். லென்ஸை விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார். கிண்ணம் மாதிரி இருந்தால் சரி, ஓரம் தட்டு மாதிரி விரிந்திருந்தால் உள்பக்கம் வெளியே இருக்கிறது. எப்போதும் வலது கண்ணிலிருந்தே ஆரம்பி, மாறிப்போகாது. லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று சித்தி பயப்பட்டாளே, போகவே போகாது. வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய தோல் இமைக்குள் மடங்கி மூடிக்கொள்கிறது, அங்கே வழியே இல்லை. மேல் இமைக்குள் ஒதுங்கினால் சொட்டு விட்டு, கீழே பார்த்து, மூடிய இமையை லேசாகத் தடவு, இறங்கிவரும். மை, மஸ்காரா எல்லாம் லென்ஸ் போட்ட பிறகு. இமையின் உள்விளிம்பில் மை இழுக்காதே. ராத்திரி முதலில் லென்ஸ், பிறகு மேக்கப்.

சொல்யூஷன் விஷயத்தில் நான் கறார். 'தேய்க்க வேண்டாம்' என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் உள்ளங்கையில் வைத்து இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவு. நேற்றைய சொல்யூஷன் மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது கூடாது. 2006-ல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று பல இடங்களில் லென்ஸ் போட்டவர்களுக்குப் பூஞ்சையால் கருவிழிப் புண் வந்து, ஒரு சொல்யூஷனையே உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இப்படி மேலே மேலே ஊற்றுகிற பழக்கமும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. நம் ஊர் வெக்கையும் ஈரக்காற்றும் பூஞ்சைக்குப் பிடித்தவை. தென் தமிழகத்தில் வரும் கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் என்று மதுரை மருத்துவர்களின் ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வயலில் கதிரோ தழையோ பட்டு வருபவை என்றாலும், நாம் ஏன் வரவேற்க வேண்டும்? திறந்த பாட்டிலை மூன்று மாதத்தில் கொட்டிவிடு. காலையில் டப்பாவைச் சொல்யூஷனாலேயே அலசி, மூடியைத் திறந்து, டிஷ்யூவில் கவிழ்த்துக் காயவை. பாத்ரூமில் வைக்காதே.

லென்ஸோடு தூங்குவதால் கிருமித் தொற்று ஆபத்து ஆறிலிருந்து எட்டு மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நீ வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏறித் தூங்கிக்கொண்டே ஊருக்கு வருகிறவள். கோயம்பேடோ கிளாம்பாக்கமோ, பஸ் ஏறும் முன்பே கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பவரில் இருக்கிற அந்தக் கீறல் விழுந்த கண்ணாடியையும் முதலில் மாற்று. நல்ல கண்ணாடி இல்லாதவள்தான் கண் சிவந்தாலும் லென்ஸையே போட்டுக்கொண்டு அலைவாள்.

உன் தோழி கல்யாணத்துக்கு ஹேசல் கலர் லென்ஸ் என்றாயே. பவர் இல்லாத கலர் லென்ஸும் லென்ஸ்தான், அதற்கும் கண்ணை அளந்துதான் போட வேண்டும். அமெரிக்காவில் 2005-லேயே சட்டம் போட்டு, அழகுக்கான லென்ஸையும் மருத்துவச் சாதனமாக வரையறுத்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே ஃபேன்ஸி ஸ்டோரில் வளையலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மேக்கப் அக்கா தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், அது போன முகூர்த்தத்தில் யார் கண்ணில் இருந்தது என்று யோசி. உன் கறுப்புக் கண்ணே அழகு என்று சொன்னால் கேட்கவா போகிறாய்?

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், பார்வை மங்கி, நீரோ பீளையோ வந்தால் அன்றைக்கே லென்ஸைக் கழற்று. கழற்றியதும் சரியாகவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் கண் டாக்டரிடம் போ. கழற்றிய லென்ஸை எறிந்துவிடாமல் டப்பாவோடு கொண்டுபோ, அதிலிருந்து எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள். மெட்ராஸ் ஐ வந்தால் முழுசாகக் குணமாகி டாக்டர் சொல்லும்வரை லென்ஸ் கிடையாது, அப்போது போட்டிருந்த லென்ஸும் டப்பாவும் குப்பைக்கு. சிங்க்கில் கழுவிவிடாதே, குப்பைத்தொட்டியில் போடு.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட் வாங்கு. காலையில் எப்போதும் போல லென்ஸ் போட்டுக்கொண்டு, ஆறு மணிக் கண்ணோடு போய் உட்கார். பழைய பெட்டியையும் கொண்டுபோ. அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்த கையோடு, உன் பையிலிருக்கிற அந்த ரோஸ் கலர் லென்ஸ் டப்பாவை எடுத்துப் பார். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாத அந்த டப்பா, எட்டு மாதத்துக்கு முன்னால் முதல் லென்ஸோடு வந்ததுதானே? தூக்கிப்போடு. புதுசுக்குக் காசு நான் அனுப்புகிறேன்.